பெஞ்சுக்குப் பின்னால்

சிசெலின் வலது கை விரல்களில் பிசின் ஒட்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு அவளைத் தயார்செய்யப் போர்வையை விலக்கியபோதுதான் பார்த்தேன். ஹேண்ட்பால் ஆடுகிறவர்கள் பந்து வழுக்காமலிருக்கத் தடவிக்கொள்ளும் பிசின் அது. சோப்புக்கு அசையாது, எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு மாதமாக அவள் பந்தைத் தொட்டிருக்கவே கூடாது. டாக்டர் விபேகெ அவளிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆடியிருக்க," என்றேன்.

"கடைசில கொஞ்ச நேரம்தான். ரெண்டு கோல் பின்னாடி இருந்தோம், டாக்னி. நீ பாட்டுக்கு இங்க டியூட்டி பாத்துட்டிருந்த. உன் இடத்துல நின்ன பொண்ணு பந்து வந்தா கண்ண மூடிக்கிறா."

"தோள் வெளிய வந்துச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா எப்படி வரும்? ஒண்ணு உள்ள இருக்கும், இல்ல வெளிய இருக்கும்."

"சரி, புரொபசர். வந்துச்சு. பிரேபென் திருப்பி உள்ள போட்டுவிட்டான். ஜெயிச்சோம்."

நான் பஞ்சில் எண்ணெயைத் தொட்டு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இந்த மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நான் உதவியாளர். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு வருவது, மேசையில் சரியாக உட்காரவைப்பது, உப்புநீர்ப் பைகளை மாட்டுவது, தரையைத் துடைப்பது, சொன்னால் கையையோ காலையோ பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் மாலை வகுப்பில் உடற்கூறு படிக்கிறேன். நர்ஸ் படிப்பில் சேர அது வேண்டும். படித்ததை வீட்டுக்கு வந்து எழுதிவைப்பேன். எழுதியதில் பாதி சரிதானா என்று மறுநாள் சந்தேகம் வந்துவிடும். அணியில் என்னைப் புரொபசர் என்று கூப்பிடுவது அதனால்தான். நான் கோல்கீப்பர். சிசெல் இடப்பக்கப் பின்வரிசையிலிருந்து எறிகிறவள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இருவரும் ஒரே அணி.

டென்மார்க்கில், யூலாந்தின் மேற்குக் கரையில் எங்களுடையது ஒரு மீன்பிடித் துறைமுகம். குளிர்காலத்தில் காற்றுக்கு ஒதுங்க இரண்டு கட்டடங்கள்தான் இருக்கின்றன, தேவாலயமும் விளையாட்டு ஹாலும். கூட்டம் ஹாலில்தான். அங்கே ஆட்டத்தின் நடுவில் ஒருத்திக்குத் தோள் கழன்றால் டாக்டரைக் கூப்பிடுவதில்லை. டாக்டர் வந்தால் ஆடக்கூடாது என்று எழுதுவார், எழுதினால் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அதனால் அவளை பெஞ்சுக்குப் பின்னால் பாயில் குப்புறப் படுக்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்வோம். மற்றவர்கள் முதுகைக் காட்டித் துண்டுகளை விரித்து நின்று ஒரு சுவர் கட்டுவார்கள். எங்கள் பயிற்சியாளன் பிரேபென் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். தரையில் உட்கார்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று சாவகாசமாகப் பேசுவான். பேசிக்கொண்டே இழுப்பான். ஒரு மந்தமான சத்தம் கேட்கும். அவள் எழுந்து, பிசின் தடவிக்கொண்டு ஆடப்போவாள். சிசெலுக்கு அவன் எத்தனை முறை போட்டுவிட்டிருக்கிறான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

தோள் மூட்டு எப்படிப்பட்டது என்று படித்த வாரம், ஒரு காப்பித் தட்டையும் ஆப்பிளையும் உடைமாற்றும் அறைக்கு எடுத்துப்போனேன். எனக்குப் பேச வராது. ஆனாலும் சொன்னேன்: மேற்கை எலும்பின் தலை இந்த ஆப்பிள் மாதிரி, தோள்பட்டை எலும்பின் குழி இந்தத் தட்டு மாதிரி. ஆப்பிளில் கால்வாசியைக்கூடத் தட்டு தாங்குவதில்லை. தட்டின் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பில் ஒரு வளையம் உண்டு, அது குழியைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. அதற்கு வெளியே ஓர் உறை, உறையைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள். இவை எல்லாம் சேர்ந்து இழுத்துப் பிடிப்பதால்தான் ஆப்பிள் தட்டில் நிற்கிறது. எறிவதற்காகக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது முன்பக்கக் கீழ்விளிம்புதான் முழுப் பாரத்தையும் வாங்குகிறது. முதல்முறை கழலும்போது அங்கே வளையம் கிழிகிறது. பிறகு ஒவ்வொரு முறையும் தட்டின் விளிம்பு கொஞ்சம் உதிர்கிறது, ஆப்பிளின் முதுகில் ஒரு பள்ளம் விழுகிறது. பழையபடி உள்ளே போட்டுவிடுவதால் உதிர்ந்தது திரும்பி வராது.

"அப்படின்னு நெனைக்கிறேன்," என்றும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன். அது என் பழக்கம்.

சிசெல் ஆப்பிளை எடுத்து ஒரு கடி கடித்தாள். "இப்ப பள்ளம் விழுந்துச்சு. தட்ட கழுவி வை, புரொபசர்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது. பெரிய நகரத்து முதல்தர அணியிலிருந்து ஒருவர் வந்து அவள் எறிவதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆகஸ்டில் வா, தோளைச் சரிசெய்துகொண்டு வா, உனக்கு இடம் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். சிசெல் மீன் வெட்டும் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய அம்மா நிற்கும் அதே வரிசையில், நாலு ஆள் தள்ளி. அம்மா அங்கே சேர்ந்தபோது சிசெல் பிறக்கவில்லை. இப்போது சிறு துளைகள் வழியே செய்யும் சாவித்துவார அறுவையில் விளிம்பைத் தைத்துவிட்டால் ஆகஸ்டில் எறியலாம். தைக்க முடியாவிட்டால் அந்த வரிசைதான். அவள் ஒருமுறையும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எறியும்போது அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

விபேகெ உள்ளே வந்தாள். கோபன்ஹேகன்காரி. இங்கே வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது. கறுப்புப் பேனாவால் சிசெலின் தோளில் எலும்புகளின் ஓரத்தை வரைந்துகொண்டே கேட்டாள்.

"மறுபடி கேக்கறேன், சிசெல். மொத்தம் எத்தன தடவ கழண்டிருக்கு?"

"ரெண்டு. மூணு இருக்கலாம்."

"கடைசியா நாம பேசினதுக்கு அப்புறம்?"

"இல்ல."

"இப்ப எப்படி இருக்கு?"

"அவ்வளவு மோசமில்ல."

விபேகெ தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியாது. எங்கள் கரையில் புயலில் கூரை பறந்துபோன வீட்டுக்காரனும் இதையேதான் சொல்வான்.

எண்ணெய்ப் பஞ்சு என் கையிலேயே இருந்தது. நான் தாழ்வாரத்தில் விபேகெயின் பின்னாலேயே போனேன். எங்கள் அணியில் யாரும் செய்யாத காரியம் அது.

"அவ சொன்ன கணக்கு சரியில்ல," என்றேன். "ரொம்ப அதிகம். ஞாயித்துக்கிழமைகூட வந்துச்சு."

"எவ்வளவு அதிகம்?"

"தெரியல. மொத்த டீமுக்கும் தெரியாது. தூக்கத்துலகூட வருதுன்னு நெனைக்கிறேன்."

விபேகெ கைகழுவும் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து நின்றாள். "எங்கிட்ட இருக்கற ஸ்கேன் போன வசந்தத்துல எடுத்தது. அதுல விளிம்பு நல்லா இருக்கு. அத நம்பித்தான் இந்த ஆபரேஷனையே ஏற்பாடு பண்ணினேன்." கொஞ்ச நேரம் தன் நகங்களைப் பார்த்தாள். "இப்ப ஸ்கேனுக்கு அனுப்பினா மறுபடி வரிசையில நிப்பா. வேணாம். கேமராவ உள்ள விட்டுப் பாப்போம். எலும்பு இருந்தா தைக்கிறேன். இல்லன்னா மூடிடறேன்."

"இருக்குமா?"

"நீதான கிளாசுக்குப் போற. நீயே சொல்லு."

எண்ணெய்ப் பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

விபேகெ திரும்பிப் போய் சிசெலிடம் பேசினாள். யார் சொன்னது என்று சொல்லவில்லை. விளிம்பு இல்லாவிட்டால் இன்று எதுவும் செய்ய முடியாது என்பதை மட்டும் சொன்னாள். சிசெல் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

கழுத்தோரத்தில் ஊசி போட்டார்கள். கை முழுவதும் மரத்துப்போனது. அந்த ஊசி சிலருக்குச் செய்வதுபோல அவளுக்கும் வலது கண்ணிமையைத் தொங்கவைத்தது, குரலைக் கரகரப்பாக்கியது. மயக்கம் வேண்டாம், விழித்திருந்து திரையில் பார்க்கிறேன் என்று முன்பே கேட்டிருந்தாள். மேசையைக் கடற்கரை நாற்காலி மாதிரி நிமிர்த்தி உட்காரவைத்தோம். தலையைப் பட்டையால் பொருத்தினேன். துணிகளால் மூடிய பிறகு ஒரு பக்கம் அவளுடைய முகம், மறுபக்கம் தனியாக ஒரு தோள். நடுவில் நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விபேகெ தோளின் பின்பக்கத்தில் எலும்பு மூலையிலிருந்து இரண்டு விரல் கீழே, ஒரு விரல் உள்ளே தள்ளிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அங்கே தசைகளுக்கு நடுவில் மெத்தென்று ஓர் இடம் இருக்கிறது. கத்தியால் ஒரு சிறு கீறல். முனை மழுங்கிய கம்பியை முன்பக்கம் நோக்கித் தள்ளினாள். உறையைத் தாண்டும்போது அவள் மணிக்கட்டு லேசாகத் துள்ளியது. கேமரா போனது. நான் மாட்டிய பைகளிலிருந்து உப்புநீர் உள்ளே இறங்கி மூட்டின் உட்பகுதியை விரித்தது. திரை முதலில் பால் கலங்கியதுபோல இருந்தது, பிறகு மெல்லத் தெளிந்தது.

"இதுதானா நான்," என்றாள் சிசெல், கரகரத்த குரலில். "உள்ள கொஞ்சம் அழகாத்தான் இருக்கேன்."

"இது இருதலைத் தசையோட நாண்," என்றாள் விபேகெ. வெள்ளைக் கயிறு ஒன்று திரையின் குறுக்கே போனது. "உள்ள போனதும் மொதல்ல இதத் தேடணும். இது கிடைச்சா வழி தப்பாது. இதுக்கும் கீழ இருக்கற நாணுக்கும் நடுவுல முன்பக்கத்துத் துளை போடப்போறேன்."

இரண்டாவது துளை வழியாக வளைந்த கொக்கி ஒன்று வந்தது. ஒவ்வொரு நாணையும் தொட்டுத் தூக்கிப் பார்த்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் நம்பத் தொடங்கியிருந்தேன். விபேகெ கேமராவை முன்பக்கத் துளைக்கு மாற்றிக் கீழே பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் விளக்கவில்லை.

குழியை நேராகப் பார்த்தால் பேரிக்காய் மாதிரி இருக்க வேண்டும், மேலே ஒடுங்கி, கீழே அகன்று. மாலை வகுப்பில் பிளாஸ்டிக் எலும்பில் அதை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். திரையில் தெரிந்தது தலைகீழாக இருந்தது. கீழே முன்பக்கம் அகல வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. யாரோ தட்டின் ஓரத்தைக் கல்லில் உரசித் தேய்த்துவிட்டதுபோல வழவழப்பாக இருந்தது. வளையம் கிழிந்து எங்கோ கீழே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைத் தவறாகப் பார்க்கிறேன் என்று நினைக்க விரும்பினேன். என்னை நானே அவ்வளவு ஆசையோடு சந்தேகித்தது அன்றுதான்.

"டாக்னி, கைய வெளிப்பக்கம் திருப்பி, மெதுவா முன்னாடி தள்ளு."

தள்ளினேன். திரையில் உருண்டைத் தலை நகர்ந்தது. அதன் முதுகில் ஆழமான பள்ளம் தெரிந்தது. பள்ளத்தைச் சுற்றி வெண்மையான குருத்தெலும்பு தேய்ந்து, மஞ்சள் எலும்பு வெறுமையாகத் தெரிந்தது. தலை விளிம்பை நோக்கி வந்தது. என் கை ஒரு தடையை எதிர்பார்த்தது. தடை வரவில்லை. எண்ணெய் போட்ட இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"போதும். திருப்பி உள்ள விடு."

விட்டேன். துணிக்கு அடியில் அவளுடைய விரல்களைப் பற்றி இறுக்கினேன். அவை மரத்திருந்தன. அவளுக்கு அது தெரியாது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"தைப்பல்ல?" என்றாள் சிசெல். கண்கள் திரையில் இருந்தன.

"தைக்கணும்னா நூல் கோத்த சின்ன ஆணிகள விளிம்புல அடிக்கணும். அடிக்க விளிம்பு இல்ல."

"பக்கத்துல அடி."

"பக்கத்துல அடிச்சா மொதல் எறியிலயே பிடுங்கிக்கும்."

உப்புநீரை உள்ளே தள்ளும் பம்பு உறுமுவதும் நிற்பதுமாக இருந்தது.

"இப்பவாவது சொல்லு. எத்தன தடவ?"

"எண்ணல. ஸ்வெட்டர் மாட்டும்போது வந்ததையும் சேக்கணுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

விபேகெ கேமராவை அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேற ஒரு ஆபரேஷன் இருக்கு. தோள முன்பக்கம் திறந்து, பக்கத்து எலும்புல ஒரு துண்டு வெட்டி இங்க வச்சுத் திருகாணி போடறது. போட்டா கழலாது. தூங்கலாம், ஸ்வெட்டர் மாட்டலாம், பெட்டி தூக்கலாம்."

"எறியறது?"

"எலும்பு மட்டும் போயிருந்தா எறியலாம்னு சொல்லியிருப்பேன். நிறைய பேர் எறியறாங்க. உனக்குக் குருத்தெலும்பும் போயிடுச்சு, சிசெல். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

"ஆகஸ்டுல?"

"ஆகஸ்டுல இல்ல. அடுத்த ஆகஸ்டுலயும் இல்ல."

சிசெல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொங்கிய இமைக்குக் கீழே அந்த ஒரு கண் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. "சரி," என்றாள். "மூடிடு."

இரண்டு துளைகளுக்கும் ஒவ்வொரு தையல். தோளிலிருந்து கசிந்த உப்புநீர் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. அவளை வெளியே தள்ளிவிட்டு வந்து நான் துடைத்தேன்.

பிற்பகலில் வார்டுக்குப் போனபோது பிரேபென் அங்கே உட்கார்ந்திருந்தான். எஞ்சின் எண்ணெய் ஏறிய விரல்களில் இலவங்கப்பட்டை ரொட்டிகள் இருந்த காகிதப் பை. பையை யாரும் பிரிக்கவில்லை. சிசெலின் கை தலையணை மேல் கிடந்தது, யாரோ மறந்து விட்டுப்போன பொருள் மாதிரி.

"நான் ஒரு தடவகூட முரட்டுத்தனமா இழுக்கல," என்றான் பிரேபென். "டாக்டருங்களே அந்த மாதிரிதான் இழுப்பாங்க. நீயே சொல்லு, டாக்னி."

அது உண்மைதான். அவன் இழுக்கும் விதத்தில் தவறில்லை. அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் சிசெல் பேசினாள்.

"எனக்குத் தெரியும், பிரேபென். நீ வீட்டுக்குப் போ. அந்த ரொட்டிய எடுத்துட்டுப் போய் உன் ஆளுங்களுக்குக் குடு."

அவன் போன பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். "நீதான அவகிட்ட சொன்ன?"

"ஆமா."

"சொல்லி என்ன ஆச்சு?"

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். முன்பே சொல்லியிருந்தால் என்று தொடங்கினேன். எவ்வளவு முன்பே என்று தெரியவில்லை. வசந்தத்திலா, பள்ளிக்கூடத்திலா. "ஒண்ணும் ஆகல," என்றேன்.

"மரத்துப்போய் கை எங்க இருக்குன்னே தெரியல, கட்டைவிரல் மூக்குல இடிக்கற மாதிரி இருக்கு. கைய எடுத்து வயித்து மேல வை."

எடுத்து வைத்தேன். ஒரு கை அவ்வளவு கனக்கும் என்று பிடித்துப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது.

அந்த வாரமே நகரத்து அணிக்கு அவள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசினார்களாம்.

மார்ச்சில் சொந்த ஹாலில் ஆட்டம். சிசெல் இரண்டாவது ஆபரேஷனுக்குக் காத்திருந்தாள். கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு எங்கள் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய இடத்தில் ஆல்மா ஆடினாள். இந்தப் பருவத்தில்தான் பெரியவர்கள் அணிக்கு வந்தவள், நல்ல நீளமான கை. இரண்டாம் பாதியில் அவள் எறிய ஓங்கியபோது எதிரணிக்காரி ஒருத்தி அந்தக் கையைப் பிடித்தாள். ஆல்மா கையை அணைத்துக்கொண்டு ஒருபக்கமாகக் குனிந்து நடந்து வந்த விதத்திலேயே எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பாய் விரிந்தது. துண்டுகள் விரிந்தன. நான் கோலை விட்டுவிட்டு ஓடினேன்.

"தொடாத, பிரேபென். டாக்டரக் கூப்பிடு. மொதல் தடவைக்கே ஒழுங்கா கட்டி, ஸ்கேன் எடுத்து, தைக்கணும்னா தைச்சா விளிம்பு மிஞ்சும். இப்பன்னா மிஞ்சும்." இந்த முறை நினைக்கிறேன் என்று சேர்க்கவில்லை.

"ரெண்டாவது தடவ," என்றாள் ஆல்மா பாயில் முகத்தை வைத்தபடி. "சீக்கிரம் போடுங்க. ஒரு கோல்தான் வித்தியாசம்."

"புரொபசர், நீ கோலுக்குப் போ," என்றது துண்டுச் சுவரிலிருந்து ஒரு குரல்.

பிரேபென் கையைத் தொடவில்லை. அவனுக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தவன் அண்ணாந்து சிசெலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் தூளியோடு எழுந்து நின்றாலே போதும்.

சிசெல் எழுந்து வந்தாள். ஆல்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

"என்னப் பாரு," என்றாள். "பல்லக் கடிக்காத, கடிச்சா தோள் இறுகிடும். மூச்ச மெதுவா விடு. இன்னும் மெதுவா. நாளைக்குக் காத்து எந்தப் பக்கம், பிரேபென்?"

பிரேபென் கொஞ்சம் தாமதித்தான். பிறகு மணிக்கட்டைப் பிடித்தான். "வடமேற்கு," என்றான். "சாயங்காலம் கொஞ்சம் தணியும்."

அந்தச் சத்தம் கேட்டது.

சிசெல் பிசின் டப்பாவைத் தன் மடியில் வைத்து இடது கையால் திறந்தாள். ஆல்மாவின் விரல்களில் ஒவ்வொன்றாகத் தடவிவிட்டாள். பொறுமையாக, இடுக்குகளில்கூட விடாமல் தடவினாள். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"வேற யாரு இருக்கா எறியறதுக்கு?" என்றாள். கோபமில்லை. உண்மையாகவே கேட்டாள்.

நடுவர் வந்து எல்லாம் சரியா என்று விசாரித்தார். அவ்வளவு மோசமில்லை என்றாள் ஆல்மா. நான் கோலுக்குத் திரும்பினேன். அவள் எறிந்ததை அங்கிருந்து முழுவதும் பார்த்தேன். கை பின்னால் போனது, வெளிப்பக்கம் திரும்பியது. எலும்புத் தலை எந்த விளிம்பில் போய் முட்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. பந்து வலையில் விழுந்தது. ஹால் முழுவதும் கைதட்டியது. சிசெலும் தட்டினாள், இடது கையால், தன் தொடையில்.